வேர் குளிர்ந்தால் சாலாட் தழைக்கும்: கோலாலம்பூர் வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

செந்தூலில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் கிழக்குப் பார்த்த பால்கனி ஒன்று இருக்கிறது. அதில் கங்கோங் வளர்ந்தது, பாயாம் வளர்ந்தது, கறிவேப்பிலை இடுப்பளவு நின்றது. சாலாட், அதாவது லெட்டூஸ் கீரை மட்டும் வரவில்லை. முதல் பாக்கெட் விதையைத் தூவி இரண்டு வாரம் காத்திருந்தேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. இரண்டாவது பாக்கெட்டில் ஏழெட்டு முளைத்தன. அவையும் ஒரு மாதத்தில் நெடுநெடுவென்று உயர்ந்து பூவெடுத்துவிட்டன. இலையைக் கடித்தால் வேப்பிலைக்குத் தம்பி போல ஒரு கசப்பு.

கேமரன் மலையின் குளிரில் விளையும் பயிரை 33 டிகிரி வெயிலில் வளர்க்க நினைப்பதே தவறு என்று பலர் சொன்னார்கள். அது பாதிதான் உண்மை. சாலாட் நம் ஊரில் இரண்டு இடத்தில் சூட்டுக்குத் தோற்கிறது. ஒன்று, விதை நீர் உறிஞ்சும் முதல் சில மணி நேரம். இரண்டு, தொட்டிக்குள் வேர் இருக்கும் இடம். இந்த இரண்டையும் குளிர்ச்சியாக வைத்துவிட்டால், மேலே இலை ஓரளவு வெயிலைத் தாங்கிக்கொள்ளும். கீழே நான் சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் இந்த ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வருகிறது.

முதலில் ரகம்

ஐஸ்பெர்க் எனப்படும் உருண்டை சாலாட்டை விட்டுவிடுங்கள். அது உள்ளே இறுகி உருண்டை பிடிக்க வேண்டுமானால் குளிர்ந்த இரவுகள் வேண்டும். நம் இரவு 22 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். உருண்டை கட்டாமல், விரிந்த இலையாகவே வளரும் ரகங்கள்தான் சமவெளிக்குச் சரி.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது கிராண்ட் ராப்பிட்ஸ். சுருள் சுருளான இளம்பச்சை இலை, வேகமான வளர்ச்சி. பட்டாவியா வகைகளும் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். சிவப்பு நிறம் வேண்டுமென்றால் லோலோ ரோசா போடலாம், ஆனால் நிழலில் வைத்தால் சிவப்பு வராமல் பச்சையாகவே நின்றுவிடும். சீனர் கடைகளில் யாவ் மாக் சோய் என்று விற்கும் நீள இலைக் கீரையும் சாலாட் குடும்பம்தான். எனக்குத் தெரிந்து நம் வெக்கையில் மிகக் குறைவாக அடம்பிடிப்பது அதுதான். பச்சையாகவும் தின்னலாம், பூண்டு போட்டு வதக்கினாலும் ருசி.

விதையும் பிற சாமான்களும் வாங்க, நேரம் இருந்தால் சுங்கை பூலோவுக்கு ஒருமுறை போய் வாருங்கள். 1930-ல் அங்கே தொடங்கிய தொழுநோய்க் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் செடி வளர்த்து விற்றுத் தங்களுக்கென்று ஒரு பிழைப்பை உண்டாக்கிக்கொண்டார்கள். அந்தச் சாலையோரத்து நாற்றுப்பண்ணைகளுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. ஊர் ஒதுக்கி வைத்த மனிதர்கள் வளர்த்த தோட்டம் இன்று ஊருக்கே செடி கொடுக்கிறது. அங்கிருந்து ஒரு பை மண் வாங்கி வரும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும்.

இடமும் வெயிலும்

சாலாட்டுக்கு ஒரு நாளில் நான்கு, ஐந்து மணி நேர வெயில் போதும். அது காலை வெயிலாக இருக்க வேண்டும். கிழக்குப் பார்த்த பால்கனிதான் முதல் தரம்: காலை ஏழரைக்கு விழும் வெயில் பதினொன்று, பன்னிரண்டுக்குள் விலகிவிடும். மேற்குப் பார்த்த இடமென்றால் 50 விழுக்காடு நிழல்வலை கட்டியே தீர வேண்டும். வன்பொருள் கடையில் ஜாரிங் ஹித்தாம் என்று கேட்டால் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். வலையைச் செடிக்கு மேலே இரண்டு மூன்று அடி உயர்த்திக் கட்டுங்கள். ஒட்டினாற்போல் கட்டினால் கறுப்பு வலையின் சூடே செடியில் இறங்கும்.

வடக்கு, தெற்குப் பார்த்த வீட்டுக்காரர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகையில் இருப்பதால், ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் முதல் பாதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். மற்ற மாதங்களில் தெற்குப் பக்கம். ஆகவே வடக்குப் பால்கனியில் ஆண்டின் நடுவிலும், தெற்குப் பால்கனியில் டிசம்பரை ஒட்டியும்தான் நேர் வெயில் விழும். "போன வருஷம் நன்றாக வந்தது, இப்போது நோஞ்சானாக நிற்கிறதே" என்று குழம்புகிறவர்களில் பலருக்குக் காரணம் இதுதான். விதைத்த மாதம் மாறியிருக்கும்.

பெட்டி

கறுப்பு பாலிபேக்கில் சாலாட் வைக்காதீர்கள். வெயில் பட்ட கறுப்புப் பையின் ஓரத்தில் விரலை விட்டுப் பாருங்கள், சுடும். வேர் அந்த ஓரத்தில்தான் ஓடுகிறது.

நான் பயன்படுத்துவது வெள்ளை ஸ்டைரோஃபோம் பெட்டி. திராட்சையும் புரோக்கோலியும் வந்து இறங்கும் அதே பெட்டி. சௌக்கிட்டிலோ புடு சந்தையிலோ பழக்கடைக்காரரிடம் மத்தியான நேரத்தில் கேட்டால் சும்மாவே கொடுப்பார், மிஞ்சினால் இரண்டு ரிங்கிட். உள்ளே இருந்த குளிரைக் காப்பாற்றச் செய்த பெட்டி, வேரின் குளிரையும் காப்பாற்றும். ஆழம் 15 முதல் 20 செண்டிமீட்டர் இருந்தால் போதும், சாலாட் வேர் அதற்கு மேல் பெரிதாக இறங்காது. அடியில் விரல் பருமனில் எட்டுப் பத்து ஓட்டை போட்டு, இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். ஏற்கனவே கறுப்புத் தொட்டிதான் இருக்கிறதென்றால் வெளிப்புறம் வெள்ளைச் சாயம் அடியுங்கள், அல்லது பழைய வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டுங்கள்.

பெட்டிக்கு அடியில் தட்டு வைக்கும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால், ஏழு முதல் பத்து நாளில் பறக்கும் கொசுவாகிவிடும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் கொசுப்புழு கண்டால் அபராதம் உண்டு. அபராதத்தை விடுங்கள், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு டெங்கி வர நம் தோட்டம் காரணமாகிவிடக் கூடாது. கீழ்வீட்டில் தண்ணீர் சொட்டுகிறது என்று தட்டு வைத்தே ஆக வேண்டியவர்கள், வாரம் இருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், நீரைக் கொட்டினால் மட்டும் போகாது.

மண் கலவை

இரண்டு பங்கு தேங்காய் நார்த்தூள், ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம், ஒரு பங்கு கருக்கிய உமி. இந்த உமியை நாற்றுப்பண்ணைகளில் சேகாம் பாக்கார் என்பார்கள். நார்த்தூளை இரண்டு முறை நல்ல நீரில் அலசிப் பிழிந்துவிட்டுக் கலக்குங்கள், அதில் உப்பு இருக்கும். தோட்டத்துச் செம்மண்ணை அப்படியே பெட்டியில் கொட்டினால், நாலு மழைக்குப் பிறகு கட்டாந்தரை போல இறுகிவிடும்.

கோழியெரு மலிவு என்று பலர் வாங்குகிறார்கள். மக்காத பச்சை எருவைச் சாலாட்டுக்குப் போடவே கூடாது. இது வேகவைக்காமல் தின்னும் இலை. மணம் இல்லாமல், கையில் எடுத்தால் காய்ந்த மண் போல உதிர்ந்தால் மட்டும் போடுங்கள்.

விதை: இங்கேதான் பாதிப் பேர் தோற்கிறார்கள்

சாலாட் விதை ஏறக்குறைய 28, 30 டிகிரிக்கு மேல் சூடு கண்டால் உறங்கிவிடும். செத்துப்போவதில்லை, கோடையில் முளைத்தால் காய்ந்துவிடுவோம் என்று தன்னைத்தானே பூட்டிக்கொள்கிறது. மத்தியதரைக்கடல் பக்கத்துப் பயிருக்கு அது நல்ல புத்தி. நமக்கோ ஆண்டு முழுதும் அதன் கோடைதான். என் முதல் பாக்கெட் முளைக்காமல் போனது விதையின் குற்றம் அல்ல, பகல் ஒரு மணிக்குச் சூடான மண்ணில் நான் தூவியதுதான்.

இன்னொன்று, பல சாலாட் ரகங்களின் விதைக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். 1952-ல் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் கிராண்ட் ராப்பிட்ஸ் விதையை வைத்துத்தான் இதை ஆராய்ந்தார்கள். சிவப்பு ஒளி பட்டால் முளைக்கிறது, அதைத் தாண்டிய தொலைசிவப்பு ஒளி பட்டால் நின்றுவிடுகிறது, கடைசியாக எந்த ஒளி பட்டதோ அதன்படி நடக்கிறது என்று கண்டார்கள். செடிகள் வெளிச்சத்தை உணரும் ஃபைட்டோகுரோம் என்ற நிறமியைக் கண்டுபிடிக்க அந்தச் சோதனைதான் வழி திறந்தது. என் பால்கனியில் கிடக்கும் அதே ரகம். அரை அங்குலம் ஆழத்தில் புதைத்தால் ஏன் வருவதில்லை என்பது இப்போது புரியும்.

செய்முறை இது:

1. ஒரு மூடி போட்ட டப்பாவில் சமையலறைக் காகிதத்தை இரண்டாக மடித்துப் போட்டு நனையுங்கள். சாய்த்தால் நீர் ஓடக் கூடாது, ஈரமாக மட்டும் இருக்க வேண்டும்.
2. இருபது, முப்பது விதையைப் பரப்புங்கள். முழுப் பாக்கெட்டையும் கொட்ட வேண்டாம்.
3. மூடி, ஃபிரிட்ஜில் காய்கறி வைக்கும் கீழ்த்தட்டில் இரண்டு நாள் வையுங்கள். உறைபெட்டியில் அல்ல.
4. இரண்டாம் நாள் மாலை, வெயில் தாழ்ந்த பிறகு வெளியே எடுங்கள். வீட்டில் இருப்பதிலேயே குளிர்ந்த இடத்தில், வெளிச்சம் படும்படி வையுங்கள். எங்கள் வீட்டில் அது சமையலறை ஜன்னலுக்குக் கீழே இருக்கும் மார்பிள் தரை. இரவில் குளிர்சாதனம் ஓடும் அறையும் சரி.
5. ஒன்றிரண்டு நாளில் வெள்ளை முனை எட்டிப் பார்க்கும். அரை செண்டிமீட்டர் ஆவதற்குள் ஈரமான பல்குச்சி முனையில் ஒற்றி எடுத்து நாற்றுத் தட்டுக்கு மாற்றுங்கள். குழிக்கு ஒன்று. மேலே நார்த்தூளை ஒரு சிட்டிகை தூவினால் போதும்.

ஃபிரிட்ஜ் வேலையெல்லாம் முடியாது என்கிறவர்கள், குறைந்தபட்சம் அந்தி சாய்ந்த பிறகு குளிர்ந்த நீர் தெளித்து விதையுங்கள். நீர் உறிஞ்சும் முதல் மணி நேரங்கள் இரவில் கழிந்தால் பாதிக்கு மேல் முளைத்துவிடும்.

நாற்றும் நடவும்

முளைத்த மறுநாளே வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள். அறைக்குள்ளேயே வைத்தால் நூல் போல நீண்டு சாய்ந்துவிடும், அப்படிச் சாய்ந்ததைத் தேற்றுவது கடினம். முதல் நாலைந்து நாள் காலை எட்டரை வரை வெயில், பிறகு நிழல். அப்புறம் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

நாற்றின் தண்டு மண்ணை ஒட்டிக் கறுத்து, நூலாக இளைத்து மடிந்தால் அது நாற்றழுகல். நீர் அதிகமும் காற்று குறைவும்தான் காரணம். மருந்து தேட வேண்டாம், போனதை எடுத்தெறிந்துவிட்டு மேல்மண்ணைக் காயவிடுங்கள்.

முதலில் வரும் இரண்டு வித்திலைகளைச் சேர்க்காமல் மூன்று நான்கு நிஜ இலை வந்ததும், அதாவது சுமார் இரண்டரை வாரத்தில், நடலாம். மாலையில் நடுங்கள். செடிக்குச் செடி 20 செண்டிமீட்டர். 60-க்கு 40 பெட்டியில் ஆறு செடி. இன்னும் இரண்டு நுழைக்க மனம் வரும், நெருங்கினால் காற்றோட்டம் போய் அடி இலை அழுகும். நடுக்குருத்து மண்ணுக்குள் போகாமல், வேர்க்கட்டி மண்மட்டத்தில் இருக்கும்படி நடுங்கள். நட்டதும் மண்மேல் காய்ந்த புல்லோ வைக்கோலோ ஒரு விரல் கனத்துக்குப் பரப்பிவிடுங்கள். வேர் குளிரும், மழையில் மண் தெறித்து இலையில் ஒட்டாது.

தண்ணீர், உரம்

காலை எட்டு மணிக்குள் ஒருமுறை ஊற்றுங்கள். வெயில் கொளுத்திய நாளில் மாலை ஐந்துக்கு மேல் இன்னொரு முறை, இலையில் படாமல் அடியில். பிற்பகலில் குழாயைத் திறந்தால் முதலில் வருவது வெயிலில் வெந்த நீர். வாளியில் பிடித்து ஆறவிடாமல் ஊற்றாதீர்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர்வெட்டு நமக்குப் புதிதல்ல. மூடி போட்ட ஒரு வாளியை எப்போதும் நிரப்பி வைத்திருப்பது என் வழக்கம். அரிசி களைந்த நீரை ஊற்றலாம், உப்புச் சேராதவரை.

நண்பகலில் இலை துவள்வதைப் பார்த்துப் பதறி நீர் ஊற்றுகிறவர்கள் உண்டு. விரலை மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள், மாலையில் தானே நிமிரும்.

நட்டு ஒரு வாரம் கழித்து உரம். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள பச்சை நிற என்பிகே 15:15:15 குருணையை 5 லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி கரைத்து, வாரம் ஒருமுறை ஊற்றினால் போதும். இயற்கை உரம் மட்டும் போதும் என்றால் மண்புழு உரத்தைப் பத்து நாளுக்கு ஒரு கைப்பிடி.

இளம் இலைகளின் ஓரம் பழுப்பாகக் கருகுவதைச் சுண்ணாம்புச்சத்துக் குறைவு என்று சொல்வார்கள். பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்பு இருக்கும், ஒருநாள் வறட்சியும் ஒருநாள் வெள்ளமுமாக நீர் விடுவதால் அது குருத்துக்குப் போய்ச் சேராது. முதலில் நீரைச் சீராக்குங்கள்.

மழையும் பூச்சியும்

ஏப்ரலை ஒட்டியும் அக்டோபர், நவம்பரிலும் மத்தியானம் மூன்று மணிக்குமேல் கொட்டும் இடிமழையில் சாலாட் கிழிந்துபோகும். திறந்த முற்றம் உள்ள தெரெஸ் வீட்டுக்காரர்கள் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளைக் கூரையாகச் சாய்த்துக் கட்டுங்கள், பக்கங்களைத் திறந்து விடுங்கள். இலையில் வட்டப் புள்ளி விழுந்து நடுவில் சாம்பல் நிறமாகக் காய்ந்தால் அந்த இலையை உடனே கிள்ளி வெளியே எறியுங்கள், பெட்டியிலேயே போட்டுவிடாதீர்கள்.

அசுவினி குருத்தின் அடியில் கூட்டமாக ஒட்டும். நீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மிஞ்சினால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், அந்தியில் இலையின் அடிப்பக்கம். அடித்த பின் ஒரு வாரம் பறிக்கக் கூடாது. ஆனாலும், பச்சையாகத் தின்னும் இலைக்கு மருந்தைவிட மெல்லிய கொசுவலை மேல். நட்ட நாளிலிருந்தே வலை போட்டால் புழுவும் வராது, மைனாவும் கொத்தாது.

நத்தையை மட்டும் அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊர் நத்தைகளும் ஓடில்லா அட்டைநத்தைகளும் எலியிலிருந்து தொற்றும் ஓர் ஒட்டுண்ணிப் புழுவைச் சுமக்கக்கூடியவை. அது மனித உடலுக்குள் போனால் மூளையுறையைத் தாக்கும். இரவில் கைவிளக்கோடு போய்ப் பொறுக்குங்கள், வெறுங்கையால் தொடாதீர்கள். பறித்த சாலாட்டை ஒவ்வோர் இலையாகப் பிரித்து, ஓடும் நீரில் இருபுறமும் விரலால் தேய்த்துக் கழுவுங்கள். நத்தை தின்ற இலையைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

எப்போது பறிப்பது

சீக்கிரம். நம் ஊரில் சாலாட்டுக்கு இதுதான் முதல் விதி. விதைத்த 30 நாளிலிருந்து வெளி இலைகளை இரண்டு மூன்றாகக் கிள்ளலாம், குருத்தைத் தொடாமல். 40, 45 நாளில் முழுச் செடியையும் அறுத்துவிடுங்கள். கடையில் பார்க்கும் அளவுக்குப் பெருக்கட்டும் என்று காத்திருந்தால் கசப்பு முந்திக்கொள்ளும். நடுத்தண்டு மேலெழும்புவது, புது இலை குறுகிக் கூராவது, கிள்ளிய இடத்தில் பால் கெட்டியாக வடிவது ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே அறுங்கள். கசப்பு அந்தப் பாலில்தான் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு முன் அறுத்த இலை மொறுமொறுப்பாக இருக்கும், மத்தியானம் அறுத்தது வாடிய வெற்றிலை மாதிரி.

கசந்துவிட்டால் வீணில்லை. பாசிப்பருப்போடு தேங்காய் அரைத்துக் கூட்டு வைத்தால் எங்கள் வீட்டில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

ஒரே நாளில் முப்பது செடி நடுவதைவிட, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆறு விதை போடுவது நல்லது. ஒரு விதிவிலக்கு உண்டு. சீனப் புத்தாண்டுக்கு 45 நாள் முன்பு நான் கூடுதலாக ஒரு பெட்டி போடுவேன். கந்தோனிய மொழியில் சாலாட்டின் பெயரும் செல்வம் பெருகுவதைச் சொல்லும் சொல்லும் கிட்டத்தட்ட ஒரே ஒலி. அதனால்தான் சிங்க நடனத்தில் வாசலில் சாலாட் கட்டித் தொங்கவிடுவார்கள், சிங்கம் அதைப் பறித்துப் பிய்த்து வீசும். எதிர்வீட்டு ஆண்டி இரண்டு வருடமாக என் செடியைத்தான் கட்டுகிறார்.

மண்ணே வேண்டாம் என்பவர்களுக்கு

அதே ஸ்டைரோஃபோம் பெட்டியை ஓட்டை போடாமல், ஏ, பி என்று இரண்டு பாகமாக விற்கும் நீர்வளர்ப்பு உரத்தைக் கரைத்து ஊற்றி, மூடியில் துளையிட்டுச் சிறு வலைக்கிண்ணங்களில் நாற்றை வைக்கலாம். மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கிராட்கி என்ற ஆய்வாளர் முறைப்படுத்திய வழி இது. கரைசல் முதலில் கிண்ணத்தின் அடியைத் தொட வேண்டும். பின்பு நீர் குறையக் குறைய, மேலே காற்றில் நிற்கும் வேர் மூச்சுக்கு, கீழே முங்கிய வேர் உணவுக்கு. ஆகவே குறைந்ததும் மறுபடி விளிம்பு வரை நிரப்பக் கூடாது, மூச்சுவேர் மூழ்கினால் செடி திணறும். நிரப்புவதானால் அடியில் இரண்டு விரல் அளவுதான். கரைசலின் அமில-கார அளவு, அதாவது பிஎச், 5.5-க்கும் 6.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். வெயில் பெட்டியில் நேராகப் படக் கூடாது, கரைசல் சூடானால் வேர் பழுப்பாகி அழுகும். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே இடுக்கு இருந்தால் நாடா ஒட்டி அடையுங்கள், இங்கேயும் கொசுதான் கவலை.

விதை எடுப்பது

ஒவ்வொரு முறையும் ஒரு செடியை விட்டுவைக்கிறேன். முதலில் பூத்ததை அல்ல, கடைசியாகப் பூத்ததை. எல்லாம் நெட்டையாகிவிட்ட பிறகும் எது இலையாகவே நின்றதோ, அதன் தண்டில் சிவப்பு நூல் கட்டிவிடுவேன். சாலாட் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் செடி, பக்கத்துச் செடியோடு எளிதில் கலக்காது. அதனால் ஒன்றே ஒன்று போதும். சின்ன மஞ்சள் பூ பூத்து, இரண்டு மூன்று வாரத்தில் வெள்ளைப் பஞ்சு விரியும். மழை பட்டால் பூங்கொத்திலேயே பூசணம் பிடிக்கும் என்பதால் பூத்ததும் பெட்டியைக் கூரைக்கடியில் இழுத்துவிடுங்கள். பஞ்சு விரிந்த கொத்துகளைக் காகிதப் பைக்குள் தட்டினால் விதை உதிரும். நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, சிறு உறையில் போட்டு, ரகமும் எடுத்த மாதமும் எழுதி, மூடி இறுகும் டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஈரம் ஏறிய விதை ஒரு வருடம்கூடத் தாங்காது.

இப்போது என் பால்கனியில் இருப்பது அப்படி எடுத்த நான்காவது தலைமுறை. கடைசி ஈட்டில் சிவப்பு நூல் கட்டிய செடி 58-ஆம் நாள்தான் தண்டெடுத்தது.